நாய்க்கு மருந்து வெளியிலிருந்து வருகிறது. டாக்டருக்கு எதற்குப் பங்கு?

வயதான நாய் ஒன்று. இதயம் பெருத்துவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு பிமோபெண்டான் என்ற இதய மருந்தை எழுதுகிறார். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, இனி ஆயுளுக்கும். கிளம்பும்போது வரவேற்பில் இருப்பவர் சொல்கிறார்: "எங்க வெப்சைட்லயே ஆர்டர் போட்டுடுங்க, மாசாமாசம் வீட்டுக்கே வந்துடும்."

வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், பக்கத்தின் மேலே கிளினிக்கின் பெயர், ஓரத்தில் டாக்டரின் புகைப்படம். நான்கு நாளில் பெட்டி வருகிறது. லேபிளில் இருப்பதோ வேறு ஏதோ மாநிலத்தில் உள்ள ஒரு மருந்தகத்தின் பெயர். அந்தப் பெட்டியைக் கிளினிக்கில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நீங்கள் கட்டிய பணத்தில் ஒரு பகுதி, ஒவ்வொரு மாதமும், கிளினிக்கின் கணக்குக்குப் போகிறது.

மருந்து கொடுக்கும் வேலையை வெளியே ஒப்படைத்துவிட்டு, லாபத்தில் மட்டும் பங்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் இது பரவலான வழக்கம். இது சட்டப்படி சரியா, நியாயப்படி சரியா என்று இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது என்பதால்தான் குழப்பமே.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கணக்குப் புரிவதற்காக நானே போட்ட எண்கள் இவை. நீங்கள் கட்டுவது 70 டாலர். மருந்தின் கொள்முதல் விலை 42. பொட்டலம், அனுப்பும் செலவு, கார்டு கட்டணம், மருந்தகத்தின் பங்கு எல்லாம் சேர்த்து 10. மிச்சம் 18 டாலர் கிளினிக்குக்கு. இந்த 70 டாலரை யார் முடிவு செய்தார்கள் என்பது கவனிக்க வேண்டிய இடம். பல ஏற்பாடுகளில் விற்பனை விலையை வைப்பது கிளினிக்தான். மருந்தகம் அடக்க விலையைச் சொல்லும். அதன் மேல் எவ்வளவு வைத்தாலும் அது கிளினிக்கின் விருப்பம்.

எழுதுபவரே விற்கலாமா?

இது பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் ஃபிரெடரிக், மருத்துவர்கள் மருந்துக்கடை வைக்கக் கூடாது, மருந்துக்கடைக்காரரோடு கூட்டு சேரவும் கூடாது என்று சட்டம் போட்டார். எழுதுகிறவருக்கு விற்பனையில் லாபம் இருந்தால் எழுத்து கொஞ்சம் நீளும் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் பல நாடுகள் மனித மருத்துவத்தில் இந்தப் பிரிவினையைக் கொண்டுவந்தன. தென் கொரியா 2000இல்தான் முழுதாகச் செய்தது. மருத்துவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். அத்தனை எதிர்ப்பு வந்ததிலிருந்தே எவ்வளவு பணம் அதில் புழங்கியது என்று ஊகிக்கலாம்.

கால்நடை மருத்துவம் இந்தப் பிரிவினைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. மாட்டுக்கும் குதிரைக்கும் மருந்து வைத்திருக்கும் கடை பக்கத்தில் இருக்காது. பண்ணைக்குப் போகும் டாக்டர் மருந்தையும் வண்டியிலேயே எடுத்துப் போக வேண்டியிருந்தது. அதனால் கால்நடை மருத்துவர், தான் கவனிக்கும் விலங்குகளுக்குத் தானே மருந்து கொடுக்கலாம் என்று சட்டங்களும் இடம் கொடுத்தன. பல கிளினிக்குகள் பரிசோதனைக் கட்டணத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, அந்தக் குறையை மருந்து லாபத்தில் சரிக்கட்டிப் பழகிவிட்டன.

ஆகவே "டாக்டர் மருந்தில் லாபம் பார்க்கிறார்" என்பது மட்டும் குற்றச்சாட்டு ஆகாது. அலமாரியில் இருந்து எடுத்துக் கொடுத்த காலத்தில் அந்த லாபத்துக்குள் என்னென்ன இருந்தது? மொத்தமாக வாங்க முதல் போட்டார். குளிரில் வைக்க வேண்டியதைக் குளிரில் வைத்தார். காலாவதியானால் நஷ்டம் அவருடையது. எண்ணிப் போட்டு, லேபிள் ஒட்டி, "சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடுங்க" என்று சொல்லி அனுப்பினார். தப்பு நடந்தால் பொறுப்பும் அவர் தலையில்.

வெளி மருந்தகம் வந்தபின் முதல் அங்கே, சரக்கு அங்கே, காலாவதி நஷ்டம் அங்கே, லேபிளும் அங்கே. வேலை போய்விட்டது, வருமானம் மட்டும் தங்கிவிட்டது. அப்படியென்றால் அந்த 18 டாலர் எதற்கான கூலி? இந்த விவகாரம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரே வேலை கையெழுத்து. கையெழுத்துக்குத்தான் அந்தப் பணம் என்றால் மனித மருத்துவத்தில் அதற்குப் பெயர் வேறு.

மனிதர்களுக்கு இருக்கும் சட்டம் நாய்க்கு இல்லை

அமெரிக்காவில் ஒரு இதய மருத்துவர், "என் நோயாளிகளை உன் கடைக்கு அனுப்புகிறேன், ஆளுக்கு 18 டாலர் கொடு" என்று ஒரு மருந்தகத்தோடு பேசிக்கொண்டால், நோயாளியின் பில்லை மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கட்டும் பட்சத்தில், அது குற்றவியல் வழக்கு. 1972இல் வந்த கிக்பேக் (ஆள் அனுப்பியதற்கான கமிஷன்) தடைச் சட்டம் அதைத்தான் தடுக்கிறது. தனக்கோ தன் குடும்பத்துக்கோ பண ஈடுபாடு உள்ள பரிசோதனைக் கூடத்துக்கு நோயாளியை அனுப்பக் கூடாது என்று 1989இல் ஸ்டார்க் சட்டம் வந்தது. பிறகு அது மருந்து உள்ளிட்ட பிற சேவைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

கால்நடை மருத்துவர் இதே காரியத்தைச் செய்தால் இந்த இரண்டு சட்டங்களும் கிட்டவே வராது. விலங்கின் துன்பம் சின்னது என்று யாரும் முடிவு செய்ததால் அல்ல. இந்தச் சட்டங்கள் காவல் காப்பது அரசாங்கத்தின் பணப்பெட்டியை. மெடிகேரோ, ஏழைகளுக்கான மெடிகெய்டோ எந்த நாய்க்கும் பில் கட்டுவதில்லை. பணம் போவது உரிமையாளரின் பையிலிருந்து. அதற்கு மத்திய அரசு காவல் போடவில்லை.

அதற்காக எல்லாம் திறந்த வெளி என்று நினைத்துவிடக் கூடாது. உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் மாநிலங்களின் கையில். பல மாநிலங்களில் நோயாளியை அனுப்பி வைக்கக் கமிஷன் வாங்குவதையும் கட்டணத்தைப் பங்கு போட்டுக்கொள்வதையும் தடுக்கும் விதிகள் உண்டு. சிலவற்றில் அந்த விதி மனித மருத்துவர்களுக்கு மட்டும். சிலவற்றில் எல்லா மருத்துவத் தொழில்களுக்கும். கலிஃபோர்னியாவின் வணிக, தொழில் சட்டத்தில் 650ஆம் பிரிவு, நோயாளியை அனுப்பி வைப்பதற்காகப் பணமோ தள்ளுபடியோ வேறு சலுகையோ வாங்குவதைத் தடுக்கிறது. கால்நடை மருத்துவரின் உரிமமும் அதே சட்டத் தொகுதிக்குள்தான் வருகிறது. ஆக, ஒரு மாநிலத்தில் தொல்லை தராத ஒப்பந்தம் பக்கத்து மாநிலத்தில் உரிமத்துக்கே உலை வைக்கலாம்.

இதனால்தான் ஒப்பந்தத்தில் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு வகையில் இப்படி எழுதியிருக்கும்: மருந்தகம் உரிமையாளருக்கு விற்கிறது, விற்றதில் இத்தனை சதவீதம் கிளினிக்குக்கு. இது பார்த்தவுடனே கமிஷன். இன்னொரு வகை: ஆர்டர் விழுந்த நொடியில் கிளினிக் அந்த மருந்தை மருந்தகத்திடமிருந்து வாங்குகிறது, அதே நொடியில் உரிமையாளருக்கு விற்கிறது, அனுப்பும் வேலையை மட்டும் மருந்தகம் செய்கிறது. காகிதத்தில் இது சாதாரணச் சில்லறை வியாபாரம். 18 டாலர் என்பது கமிஷன் அல்ல, விற்பனை லாபம். பெட்டி அதே பெட்டி, டாலரும் அதே டாலர். சட்டத்துக்கு இந்த வேறுபாடு நிஜமானது. பணம் திருப்பித் தருவது யார், விற்பனை வரி யார் பொறுப்பு, மருந்து கெட்டுப்போயிருந்தால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் இதைப் பொறுத்து மாறும். ஆனால் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவரிடம் போய் இந்த வேறுபாட்டை விளக்கிப் பாருங்கள்!

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் நெறிமுறை இதில் என்ன சொல்கிறது? நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பி வைப்பதற்காக மட்டும் பணச் சலுகை கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. உரிமையாளர் மருந்துக்குப் பதிலாக மருந்துச் சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுப்பதற்குக் கட்டணம் வாங்கலாம். விலங்கைப் பார்த்துப் பொறுப்பேற்காமல் மருந்து எழுதக் கூடாது. எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். ஆனால் சங்கத்தின் நெறிமுறை சட்டம் அல்ல. மாநில வாரியம் அதை விதியாக எடுத்துக்கொண்ட இடத்தில்தான் அதற்குப் பல் முளைக்கிறது.

கேட்டால் கொடு, கேட்காமலே கொடு

கண் மருத்துவத்தில் இதே சண்டை முன்பே நடந்து முடிந்துவிட்டது. கண்ணைச் சோதிப்பவரே கண்ணாடியும் விற்பதால், சோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 1978இல் விதி போட்டது. 2003இல் கான்டாக்ட் லென்ஸுக்குத் தனிச் சட்டமே வந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் சீட்டைக் கொடு, அதற்குத் தனிக் கட்டணம் வாங்காதே என்பது அதன் சாரம். அதே அச்சில் விலங்குகளுக்கும் ஒரு மசோதா 2011இல் தொடங்கிப் பலமுறை நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒருமுறைகூட நிறைவேறவில்லை, கால்நடை மருத்துவச் சங்கமே எதிர்த்தது. ஃபெடரல் டிரேட் கமிஷனும் 2012இல் இதற்கென ஒரு கருத்தரங்கு நடத்தி, 2015இல் அறிக்கை வெளியிட்டது. சீட்டு உரிமையாளர் கையில் இருந்தால் போட்டி கூடும், விலையும் குறையலாம் என்ற பக்கமே அது சாய்ந்தது.

"கேட்டால் கொடுப்போம்" என்பதற்கும் "கேட்காமலே கொடு" என்பதற்கும் பெரிய தூரம் உண்டு. நோயில் சுருண்டு கிடக்கும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றப் போகிறவரிடம், "இந்த மருந்தை வெளியே மலிவாக வாங்கிக்கொள்கிறேன், சீட்டு கொடுங்கள்" என்று கேட்பதற்கு எத்தனை பேருக்கு வாய் வரும்? பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது.

மருத்துவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் பாதிதான். மனிதர்களின் மருந்தகத்துக்கு விலங்கின் சீட்டு போனால் நடக்கும் விபரீதங்கள் கற்பனை அல்ல. தைராய்டு சுரப்பு குறைந்த 30 கிலோ நாய்க்கு லெவோதைராக்சின் என்ற தைராய்டு மருந்து ஒரு வேளைக்கு அரை மில்லிகிராமுக்கு மேலேயே போகலாம். மனிதர்களுக்கு நாள் முழுவதற்குமே பெரும்பாலும் 0.1 மில்லிகிராம் அளவில்தான். சீட்டைப் பார்க்கும் மருந்தாளுநர், புள்ளி இடம் மாறிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்துவிடுவார். வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் காபாபென்டின், மனிதர்களுக்கான திரவ வடிவில் இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்ப்பது உண்டு. நாய்க்கு அது விஷம். விலங்குகளுக்கான இன்சுலின் பல, ஒரு மில்லிக்கு 40 யூனிட். மனிதர்களுக்கான ஊசியோ 100 யூனிட் கணக்கில் கோடு போட்டது. ஊசி மாறினால் அளவு இரண்டரை மடங்கு பிசகும். கால்நடை மருத்துவர்கள் "நாளுக்கு ஒருமுறை" என்பதற்கு எஸ்.ஐ.டி. என்று எழுதுவார்கள், மனித மருத்துவத்தில் அந்தச் சுருக்கமே புழக்கத்தில் இல்லை. அதை "நாளுக்கு இருமுறை" என்றோ "நான்குமுறை" என்றோ படித்துவிட்டால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விலங்கு மருந்து தெரிந்த ஒரு மருந்தகத்தோடு ஏற்பாடு வைத்துக்கொள்வது உண்மையிலேயே நோயாளிக்கு நல்லது. ஆர்டர் கிளினிக்கின் கோப்போடு இணைந்திருக்கும். எடை மாறியிருந்தால், வேறொரு மருந்தோடு முட்டினால், டாக்டரின் கண்ணில் படும். இதெல்லாம் வேலைதான். மறுநிரப்பல் கோரிக்கை (அதே மருந்தை மறுபடி கேட்பது) வரும்போதெல்லாம் கோப்பைத் திறந்து, கடைசியாக எப்போது ரத்தம் எடுத்தோம், சிறுநீரகம் எப்படி இருந்தது என்று பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வேலைக்கு ஆகும் நேரம் மருந்தின் விலையைப் பொறுத்துக் கூடிக் குறைவதில்லை. 20 டாலர் மாத்திரைக்கும் 200 டாலர் மாத்திரைக்கும் கோப்பைப் பார்க்க ஒரே நேரம்தான். கூலியைச் சதவீதமாக வாங்கும்போதுதான் விலை கூடிய மருந்தின் பக்கம் கை தானாக நகர ஆரம்பிக்கிறது. சீட்டுக்கு இவ்வளவு என்று பில்லில் ஒரு வரி போட்டு வாங்கினால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

பெரும்பாலான டாக்டர்கள் பணத்துக்காகத் தேவையில்லாத மருந்தை எழுதுகிறவர்கள் அல்ல. நியாயம் வளைவது அதைவிட நுட்பமான இடங்களில். பொதுப்பெயரில் மலிவு மருந்து இருந்தும் தங்கள் தளத்தில் இருக்கும் பிராண்டையே சொல்வது. ஆறு மாதத்துக்கு எழுத வேண்டியதை ஒரு மாதத்துக்கு எழுதுவது. வெளிமருந்தகத்திலிருந்து ஒப்புதல் கேட்டு வரும் ஃபேக்ஸ் மூன்று நாள் மேசையில் கிடக்க, சொந்தத் தளத்தின் ஆர்டர் பத்து நிமிடத்தில் ஒப்புதல் பெறுவது. "வெளியே வாங்கினால் போலி மருந்து வரும்" என்று பொதுவாகப் பயமுறுத்துவது. இதில் கடைசியானதற்கு ஒரு பின்கதை உண்டு. சில மருந்து நிறுவனங்கள் தங்கள் சரக்கை மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கும் கொள்கை வைத்திருந்தன. அப்படியும் அதே மருந்து ஆன்லைன் கடைகளில் கிடைத்தது. எப்படி? மருத்துவர்களில் சிலரே கூடுதலாக வாங்கிப் பின்வாசல் வழியாக மறுவிற்பனை செய்ததால். தான் பார்க்காத விலங்குகளுக்குப் போகும் என்று தெரிந்தே சரக்கைக் கைமாற்றுவது, வெளிமருந்தகப் பங்கைவிடப் பல மடங்கு மோசமான காரியம். மொத்த விற்பனை உரிமம் இல்லாமல் செய்தால் பல மாநிலங்களில் சட்டமீறலும்கூட.

லாபத்தில் கை வைத்த நாடுகள்

டென்மார்க் 1995இல் கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்பனையில் பார்க்கும் லாபத்துக்குக் கடுமையான வரம்பு போட்டது. பன்றிப் பண்ணைகளுக்கு ஆன்டிபயாடிக் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதன்பின் பயன்பாடு சட்டென்று இறங்கியது. அதே சமயம் நோய் வருமுன்னே கொடுக்கும் வழக்கத்துக்கும் கட்டுப்பாடு வந்தது, ஆகவே முழுப் புகழையும் லாப வரம்புக்கே கொடுக்க முடியாது. இருந்தாலும், பணத்தை எடுத்துவிட்டால் பேனாவும் மெதுவாகும் என்பதற்குப் பலரும் காட்டும் உதாரணம் இதுதான். சுவீடனில் கால்நடை மருத்துவர் மருந்தை லாபத்துக்கு விற்கவே முடியாது, மருந்து மருந்தகத்திலிருந்துதான்.

பிரிட்டனின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2003இல் அங்கிருந்த போட்டி ஆணையம், கால்நடை மருந்துச் சந்தையில் போட்டி சரியில்லை என்று கண்டது. 2005 அக்டோபர் இறுதியில் ஓர் ஆணை அமலுக்கு வந்தது: சீட்டு எழுதிக் கொடுக்கக் கட்டணமே வாங்கக் கூடாது, மூன்று ஆண்டுகளுக்கு. 2008இல் அந்தத் தடை காலாவதியாக, கட்டணம் திரும்ப வந்தது. அதற்குள் சந்தையின் முகமும் மாறத் தொடங்கியது. 2013இல் பெரிய குழுமங்களின் கையில் ஏறக்குறைய 10 சதவீத கிளினிக்குகள் இருந்தன. இப்போது கிட்டத்தட்ட 60 சதவீதம். அந்தக் குழுமங்களில் சில, ஆன்லைன் மருந்தகங்களையும் தாங்களே வைத்திருக்கின்றன. கிளினிக்கில் விலை அதிகம் என்று நீங்கள் இணையத்துக்குப் போனால் அங்கேயும் கல்லாவில் உட்கார்ந்திருப்பது அதே முதலாளியாக இருக்கலாம். 2024இல் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் முழு விசாரணை தொடங்கியது. 2025 அக்டோபரில் அது வெளியிட்ட இடைக்கால முடிவில், விலைப்பட்டியலை வெளியிட வேண்டும், எந்தக் குழுமத்தைச் சேர்ந்த கிளினிக் என்பதைச் சொல்ல வேண்டும், சீட்டுக்கான கட்டணத்துக்கு 16 பவுண்ட் உச்சவரம்பு என்றெல்லாம் முன்மொழிந்தது.

இந்த உச்சவரம்பில்தான் உரிமையாளருக்கான நடைமுறைக் கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு வாரத்துக்கான ஆன்டிபயாடிக் என்றால், சீட்டுக் கட்டணமும் அனுப்பும் செலவும் மிச்சத்தைத் தின்றுவிடும், நோயும் காத்திருக்காது. கிளினிக்கிலேயே வாங்கிவிடுவது மேல். நாம் ஆரம்பத்தில் பார்த்த பிமோபெண்டான் மாதிரி மாதாமாதம் ஓடும் மருந்து என்றால் கதை தலைகீழ். அப்போது கிளினிக்கில் கேட்க வேண்டியவை சிலதான். உங்கள் தளத்தில் வாங்கினால் உங்களுக்குப் பங்கு உண்டா? எழுத்தில் சீட்டு கொடுப்பீர்களா, எவ்வளவு? அடுத்த பரிசோதனை எப்போது, அதுவரைக்கும் சேர்த்தே எழுதலாமா? சீட்டில் நாயின் எடை, மாத்திரையின் மில்லிகிராம், எத்தனை முறை மறுநிரப்பலாம் என்பதெல்லாம் தெளிவாக இருக்கிறதா, "நாளுக்கு இருமுறை" என்று சுருக்காமல் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கு "ஆமாம், உண்டு, அதில்தான் இந்த இடமே ஓடுகிறது" என்று முகம் பார்த்துப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால், நான் அவரிடமே வாங்கிவிடுவேன், நாலு டாலர் கூடுதலாக இருந்தாலும்.